இயற்கையான உரையாடல் அல்ல

அம்மாவின் போன் துண்டிக்கப்பட்டது என்பதைவிட, துண்டித்ததற்குச் சொன்ன காரணம்தான் அவளைக் கொதிக்க வைத்தது. பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நிற்க, குறுக்கே ஒரு பெண் குரல் வந்தது. "இது இயற்கையான உரையாடல் அல்ல என்று கண்டறியப்பட்டுள்ளதால் இணைப்பு நிறுத்தப்படுகிறது" என்று குழைந்து குழைந்து சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அம்மா மறுபடி அழைத்தாள். மறுபடியும் அதே குரல். அடுத்த தடவை அந்தக் குரலையே பிடித்துத் திட்டிப் பார்த்தாள். பதிவு செய்து வைத்த குரலுக்கு ரோஷம் ஏது?

"நாங்க மனுஷங்க மாதிரிப் பேசலையாம்" என்று சமையலறை வாசலில் வந்து நின்றாள். "பொறந்ததுலேருந்து பேசிக்கிட்டிருக்கோம். இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

பாப்பா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். பாப்பா என்றால் தவழ்கிற பாப்பா இல்லை. தலையில் நரை எட்டிப் பார்க்கும் வயதில், ஒரு பெரிய மருத்துவமனையின் கணினி இணைப்புகளையெல்லாம் கட்டி மேய்க்கிற பொறியாளர். வீட்டில் கடைசியாகப் பிறந்த குற்றத்துக்கு ஆயுள் முழுக்கப் பாப்பா. அம்மா சொன்னதைக் கேட்டதும் கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். ஏனென்றால் அந்த இணைப்பு அறுந்ததற்கு முழுமுதல் காரணம் அவள்தான்.

விஷயம் இதுதான். அந்த நாட்டில் இணையத்தில் போகிற எதையும் அரசாங்கம் பிரித்துப் பார்க்கும். பிரிக்க முடியாதபடி சங்கேதப் பூட்டுப் போட்டு அனுப்பினால், பூட்டைக் கண்டதுமே வெட்டிவிடும். ஒரே ஒரு விலக்கு, குடும்பத்தாரின் போன் பேச்சு. அதையும் ஒரு தடவை திறந்து கேட்கப் போய், அதுவரை முகம் பார்க்காத மாமியார்களும் மருமகள்களும் கைகோத்துத் தெருவில் இறங்கிவிட்டார்கள். அரசாங்கம் மிரண்டுபோய், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டோம், வெளியிலிருந்து பார்க்கப் பேச்சு மாதிரி இருந்தால் விட்டுவிடுவோம் என்று இறங்கி வந்தது. பேச்சுக்கென்று ஒரு நடை இருக்கிறதல்லவா? ஒருவர் பேசும்போது அவர் பக்கமிருந்து நிறைய வரும், கேட்கிறவர் பக்கம் சும்மா இருக்கும். பிறகு அது மாறும். பூட்டைத் தொடாமலே, இந்த நடையை மட்டும் வைத்து இது பேச்சு, இது பேச்சில்லை என்று ஓர் இயந்திரம் சலித்துத் தள்ளிவிடும்.

அப்படியென்றால் பேச்சைப் போல நடக்கத் தெரிந்த எதுவும் தடையைத் தாண்டலாம். பாப்பா எழுதிய நிரல் அதைத்தான் செய்தது. தடுக்கப்பட்ட பக்கங்கள், கடிதங்கள், குரல்கள் எல்லாவற்றையும் பொடிப்பொடியாக்கி, யாரோ இரண்டு பேர் பேசுகிற மாதிரி வேடம் கட்டி அனுப்பிவிடும்.

நாட்டைத் திருத்த வேண்டும் என்றெல்லாம் அவள் கிளம்பவில்லை. அவளுக்கு அண்ணனோடு பேச வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் பாலங்களைச் சோதிக்கிற பொறியாளன். புதுப் பாலம் ஒன்றில் விரிசல் இருக்கிறது என்று படத்தோடு எழுதிப் போட்டான். விரிசல் இல்லை என்று அமைச்சரே அறிவித்த பிறகும் அவன் கண்ணுக்கு அது தெரிந்ததுதான் வம்பாகப் போயிற்று. எழுதியதை அழித்துவிட்டு ஒரு மன்னிப்புக் கேட்டு வைடா என்று அம்மா கெஞ்சினாள். அவன் மாட்டேன் என்றான். "அப்ப எனக்கு ஒரே புள்ளதான்னு நெனச்சுக்கறேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். மறுநாள் அவன் ஊரில் இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அவன் பெயர் இப்போது தடைப் பட்டியலில் இருந்தது, நேரான வழியில் அவன் குரல் எல்லையைத் தாண்டாது. தூர தேசத்தில் ஒரு சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு வேலை, திரும்ப அதே அறை என்று இருந்தான். சாயங்காலம் பாப்பாவின் குரல் வரும் என்றுதான் பகலைத் தள்ளுகிறேன் என்று ஒருமுறை சொன்னான். சொன்ன வேகத்திலேயே அங்கே பெய்கிற மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். அம்மா என்ன சாப்பிட்டாள், முட்டி வலி எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்பான். இதெல்லாம் பெரியம்மாவுக்கு மட்டும் தெரியும். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று பாப்பாதான் ஒருநாள் கொட்டியிருந்தாள். எந்த ரகசியத்தையும் மாலைக்குள் நாலு வீட்டுக்குப் பங்கு வைத்துவிடும் பெரியம்மா, இதை மட்டும் வாயைக் கட்டிக் காத்தாள்.

சரி, நிரலுக்கு ஒரு மாதிரி வேண்டுமே. நிஜமான ஏதாவது ஒரு பேச்சின் நடையை அளந்து அதைப் பார்த்துத்தான் வேடம் கட்ட வேண்டும். பாப்பா முதலில் எடுத்துக்கொண்டது தன் மேலாளரோடு தான் பேசுகிற பேச்சை. அதில் மேலாளர் பேசிக்கொண்டே இருப்பார், இவள் எப்போதாவது "சரி சார்" என்பாள். விளைவு, அண்ணன் பேசுவது வெள்ளமாக வந்தது, இவள் பேசுவது சொட்டுச் சொட்டாகப் போனது. அடுத்து, நிச்சயம் முடிந்திருந்த சக ஊழியர் ஒருவரைக் கேட்டு அவருடைய பேச்சை அளந்தாள். அந்த ஜோடி பாதி நேரம் ஒன்றுமே பேசாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், பதில் வருவதற்குள் கேட்டவருக்கு உடம்புக்கு வந்துவிடும்.

அப்போதுதான் ஒருநாள் கூடத்தில் அம்மாவின் குரல் அவள் காதில் விழுந்தது. விழுந்தது என்ன, எப்போதும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் பேசினால் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குகிற வழக்கமே கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்தே தொடங்கி, சேர்ந்தே பேசி, சேர்ந்தே வைப்பார்கள். பாப்பா அளந்து பார்த்தாள். அம்மா பக்கத்துக் கோடும் பெரியம்மா பக்கத்துக் கோடும் உச்சியைத் தொட்டபடி, மூச்சு வாங்கக்கூட இறங்காமல் போய்க்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் முழு அகலப் பாதை. பேராசை யாரை விட்டது? அந்த நடையை அப்படியே எடுத்து நிரலில் வைத்தாள். அண்ணன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வந்தது. பேசாத பிள்ளையோடு பேசுவதற்கு அம்மாவின் பேச்சையே போர்த்திக்கொண்டோமே என்று முதல்நாள் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. வேகத்தைப் பார்த்ததும் உறுத்தல் ஓடிவிட்டது. பெரியம்மாவிடம்கூட அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தாள்.

இத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மருத்துவமனையில் இரண்டு செவிலியர் கேட்டார்கள் என்று கொடுத்தாள். அவர்கள் தங்கள் சொந்தபந்தங்களுக்குக் கொடுத்தார்கள். நல்ல வேகம் என்ற பேர் பரவி, எவ்வளவு பேர் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியவளுக்கே கணக்குத் தெரியாமல் போயிற்று. கண்காணிப்பு அலுவலகத்து இயந்திரம் மட்டும் கணக்கு வைத்திருந்தது. நாடு முழுக்கத் திடீரென்று ஏகப்பட்ட ஜோடிகள் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்காமல் பேச ஆரம்பித்திருப்பதைக் கண்டு, இப்படி எந்த மனிதரும் பேச மாட்டார் என்று முடிவுகட்டி, அந்த நடையையே தடுத்துவிட்டது. உலகத்திலேயே நிஜமாக அப்படிப் பேசுகிற இரண்டு பேரும் அதில் மாட்டிக்கொண்டார்கள்.

வேறு நடைக்கு மாற்றிவிடலாமே என்றால், அண்ணன் பக்கத்திலும் புது நிரல் இருந்தால்தான் நடக்கும். அதை அவனுக்கு அனுப்ப இருந்த ஒரே வழி இதுதான், இதைத்தான் வெட்டிவிட்டார்கள். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டியவள்போலப் பாப்பா ஈரக்கையோடு நின்றாள். அன்று சாயங்காலம் அண்ணன் காத்திருப்பான். மறுநாளும் காத்திருப்பான். அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை.

"நாளைக்குக் காலைல நேரா அந்த ஆபீசுக்கே போறேன்" என்றாள் அம்மா. "நான் மனுஷிதானான்னு நேர்ல பார்த்துச் சொல்லட்டும்."

பாப்பா தடுக்கப் பார்த்தாள். அம்மாவைத் தடுத்த சரித்திரம் அந்த வீட்டில் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் அம்மா என்ன உளறிவைப்பாளோ என்ற பயத்தில், விடுப்புச் சொல்லிவிட்டு இவளும் கூடவே போனாள்.

அலுவலகம் மருத்துவமனை போலவே சுத்தமாக இருந்தது. 'உங்கள் உரையாடல் உங்கள் உரிமை' என்று சுவரில் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகையும் மாட்டியிருந்தார்கள். சரிபார்ப்பு அதிகாரி எழுந்து நின்று வணக்கம் சொன்னார். நாள் முழுக்கத் திட்டு வாங்கியே மரியாதை கற்றுக்கொண்ட முகம். அம்மா சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நாங்கள் யார் பேச்சையும் கேட்பதில்லை, வடிவத்தை மட்டும்தான் பார்க்கிறோம் என்று விளக்கினார். ஒரு விதியில் உண்மையான குடிமக்கள் ஒரே ஒரு ஜோடி மாட்டினாலும், நேரில் சோதித்து உறுதியானால் அந்த விதியையே எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம் என்றும் சொன்னார். முன்பு இருந்த அதிகாரி அப்படி எடுக்காமல் மெத்தனமாக இருந்துவிட்டாராம். மாட்டியது மிகப் பெரிய இடத்து மாமியாராம். அந்த அதிகாரி இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்பதில்லையாம்.

பாப்பாவுக்கு உயிர் திரும்பி வந்தது. விதி போனால் வழி திறந்துவிடும். அதற்கு அம்மாவும் பெரியம்மாவும் வழக்கம்போலப் பேசினால் போதும். இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் உண்டா?

அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் அலுவலகப் போனைக் கொடுத்தார்கள். எதிரே பெரிய திரை. அம்மா பேசுவதற்குப் பச்சைக் கோடு, வேறோர் ஊரில் தன் வீட்டிலிருந்த பெரியம்மா பேசுவதற்கு ஆரஞ்சுக் கோடு. வழக்கம்போலப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வணக்கம் அக்கா. நலமா?" என்றாள் அம்மா.

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சைக் கோடு எழுந்து, அடக்கமாக உட்கார்ந்தது. ஆரஞ்சுக் கோடு எழுந்து, அடக்கமாக உட்கார்ந்தது. நலம், நீ நலமா என்று பெரியம்மா கேட்டிருப்பாள். நானும் நலம் என்றாள் அம்மா. பிறகு வெயிலைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார். மேடையில் மைக்கைக் கைமாற்றிக்கொள்கிற தலைவர்கள்கூட இவ்வளவு விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை. அரசாங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதால் இரண்டு பேருக்கும் பிறவியிலேயே இல்லாத பண்பு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

பாப்பா காதோரம் குனிந்து, பெரியம்மா வீட்டு ஒழுகுகிற குழாயைப் பற்றிக் கேள் என்று கிசுகிசுத்தாள். குழாய்ப் பேச்சு என்றால் சாதாரணமாக ஒரு மணி நேரம் ஓடும். இன்று இரண்டே வாக்கியத்தில் குழாய் சரியாகிவிட்டது. மாடிவீட்டு நாயைப் பற்றிக் கேள் என்றாள். நாயைக்கூட மரியாதையாகவே பேசினார்கள்.

அதிகாரியின் புருவம் மெல்ல ஏறியது.

"இந்தப் பேச்சை எங்க மெஷின் வெட்டாதும்மா" என்றார். "நேத்து வெட்டினது இது இல்ல. உங்க போன்ல வேற ஏதோ ஓடியிருக்கு. வீட்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, மறு கையால் பெருமையாகப் பாப்பாவைச் சுட்டிக்காட்டினாள். பெண் என்ன படித்தாள், எத்தனை கணினிகளைக் கட்டி மேய்க்கிறாள், அவள் இல்லாவிட்டால் மருத்துவமனையில் விளக்கே எரியாது என்பதையெல்லாம் சொல்லி முடித்தாள். அதிகாரி பாப்பாவை முதன்முறையாக நன்றாகப் பார்த்தார். பாப்பா சிரித்து வைத்தாள். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். கணினியைத் திறப்பார்கள். அண்ணனோடு பேசும் வழி போவது மட்டுமில்லை, இவளும் போக வேண்டியதுதான். சகோதரிகள் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பேசவைக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதை அவர்களும் தொட்டதில்லை, இவளும் தொட்டதில்லை. தொட்டால் அம்மா உடைந்துபோவாள் என்று பாப்பாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் குனிந்து, போன் அருகே வாயை வைத்துக் கேட்டாள்.

"பெரியம்மா, அண்ணன் வீட்டை விட்டுப் போனதுக்கு நீங்க காரணமா, அம்மா காரணமா?"

ஒரு கணம் இரண்டு கோடுகளும் தரையில் கிடந்தன. பிறகு இரண்டும் சேர்ந்து எழுந்தன. எழுந்தவை இறங்கவே இல்லை.

எழுதுடா, நல்லா எழுதுடா என்று ஏற்றிவிட்டது நீதானே என்று அம்மா ஆரம்பித்தாள். உன் பிள்ளையாக இருந்தால் சொல்லியிருப்பாயா என்றாள். அவன் போகிறபோது போட்டிருந்த செருப்பு அறுந்திருந்தது, அதைக்கூட நான் கவனிக்காத மாதிரி இருந்தேன் என்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, பேச்சும் ஓடியது. அந்தப் பக்கம் பெரியம்மாவும் சளைக்கவில்லை என்று ஆரஞ்சுக் கோடு சொன்னது. அதிகாரி ஓர் எட்டுப் பின்னால் போனார். பாப்பா குற்ற உணர்ச்சியில் சுவரைப் பார்த்து நின்றாள். எப்போதோ திரும்பியபோது, அம்மாவின் கண்கள் தன் மேலேயே நிலைகுத்தி இருப்பதைக் கண்டாள். வாய் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பேச்சு தடம் மாறியிருந்தது. பெரியம்மா இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராத இஸ்திரிப் பெட்டி, அதன் ஒயர், அந்த ஒயரைக் கடித்த எலி என்று சம்பந்தமே இல்லாமல் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. துக்கத்தில் அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்றே பாப்பா பயந்தாள்.

"போதும்மா, போதும்" என்றார் அதிகாரி. அவர் குரலில் ஒரு பக்தி வந்திருந்தது. "எங்க மாமியாரும் கொழுந்தியாளும்கூட இப்படிக் கிடையாது."

விதியை எடுத்துவிட்டதாக அங்கேயே பதிந்து, பாப்பாவைச் சந்தேகித்ததற்கு வருத்தம் தெரிவித்து, அம்மாவுக்கு ஒரு டீயும் வரவழைத்துக் கொடுத்தார். அம்மா டீயைக் குடித்துவிட்டுச் சர்க்கரை போதாது என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினாள். பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"தினமும் அவன்கிட்ட பேசுறியாமே."

யார் சொன்னது என்று கேட்டாள் பாப்பா.

"அக்காதான். இப்ப போன்ல சொன்னா. என் முட்டியைப் பத்திக் கேக்கறானாம். எங்க பேச்சு மாதிரி வேஷம் போட்டுத்தான் அவன் பேச்சு வருதாம்."

"நீ நிறுத்தாம பேசிக்கிட்டேதானேம்மா இருந்த?"

"வாய்தானே பேசிச்சு. காது சும்மாதானே இருந்திச்சு."

பிறந்ததிலிருந்து அவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள், அளந்து பார்த்தவள், படம் போட்டு வைத்திருந்தவள். இரண்டு பேரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்பதே இல்லை என்று அரசாங்கத்து இயந்திரத்தைப் போலவே அவளும் முடிவுகட்டியிருந்தாள். பாப்பாவுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அதனாலதான் இஸ்திரிப் பெட்டிக்குப் போனியா?"

"பின்ன? அதைக் கேட்டுட்டு வாயடைச்சுப் போய் உக்கார்ந்திருந்தா கோடு படுத்திருக்கும்ல. அந்த ஆபீசர் தம்பி உன்னை வேற பார்த்துக்கிட்டே இருந்தாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாயங்காலம் நானும் பேசறேன். அவனைக் கேக்க வேண்டியது நெறைய இருக்கு. இருக்கு அவனுக்கு."

அன்று மத்தியானம் முழுக்க அம்மா அதை ஒத்திகை பார்த்தாள். பாத்திரம் தேய்த்தபடி அண்ணனைத் திட்டினாள், துணி மடித்தபடி சமாதானம் ஆனாள், திரும்பவும் திட்டினாள். பெற்றவளிடம் சொல்லாமல் போகிற அளவுக்கு என்னடா ஆகிவிட்டது என்பதை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து, ரொம்பவும் சுடுகிற ஒன்றைத் தேர்ந்து வைத்துக்கொண்டாள். வெயில் சாய்ந்ததும் பாப்பா இணைப்பைப் போட்டு, போனை அவள் கையில் கொடுத்தாள்.

"வந்துட்டியா பாப்பா? நேத்து என்ன ஆச்சு?" என்றது அண்ணன் குரல்.

அம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பாப்பா?" என்றான் மறுபடி. கொஞ்சம் பொறுத்து, அடங்கிப்போன குரலில், "அம்மாவா?" என்றான்.

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். போனில் தலையாட்டினால் தெரியாது என்று சொல்லப்போன பாப்பா சொல்லாமல் விட்டாள். அந்தப் பக்கத்திலும் அதற்குமேல் சத்தம் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பதறிக் கணினியைப் போய்ப் பார்த்தாள். அறுபடவில்லை. நிரல் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அனுப்புவதற்கு ஒரு சொல்லும் கிடைக்காததால், அர்த்தமில்லாத வெறும் பொடியை அள்ளி அள்ளி இரண்டு பக்கமும் கொட்டிக்கொண்டிருந்தது. நகரத்தின் மறு கோடியில் அந்த அதிகாரியின் திரையில் மட்டும், அம்மாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பேசவிடாமல், மூச்சு வாங்காமல், விட்டுப்போன அத்தனையையும் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.